நடுவர் இல்லாத ஆட்டம்





இந்த வாரம் அறுப்பின் பண்டிகையைக் குறித்து எழுதவே குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலையில், பெசன்ட் நகர் கடற்கரையில் கண்ட ஒரு காட்சி என்னை விட்டு நீங்க மறுக்கிறது. அதை எழுதி முடிக்காமல் வேறொன்றை எழுத மனம் இடங்கொடுக்கவில்லை. இதில் வருகிறவர்களின் அனுமதியைப் பெற்றே எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லவில்லை. நீங்களும் தேடிக் கண்டுபிடிக்க முயல வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

நம் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு மகள் இருக்கிறாள். ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்தவள். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். சில மாதங்களாக ஞாயிறு ஆராதனைகளில் அவளுடைய இடம் அடிக்கடி வெறுமையாக இருந்தது. ஒரு நாள் வெஸ்ட்ரிக்கு அழைத்து, "உன்னைக் காணவே முடிவதில்லையே, அம்மா" என்று கேட்டேன்.

"டோர்னமென்ட் ஐயா. அல்டிமேட் ஃபிரிஸ்பீ விளையாடுறேன்."

கடற்கரையில் பிள்ளைகள் தட்டை எறிந்து பிடித்து விளையாடுவார்களே, அதற்காகவா ஆராதனையை விடுகிறாள் என்று மனம் கசந்தது. இத்தகைய வேளையில் போதகர்கள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். எரிக் லிடலைத் துணைக்கு அழைத்தேன். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் 100 மீட்டர் ஓட்டத்தையே விட்டுவிட்டு, பின்பு 400 மீட்டரில் தங்கம் வென்ற அந்த ஸ்காட்லாந்து வாலிபரின் கதையை நீங்களும் என் வாயால் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். மிஷனெரியாகச் சீனாவுக்குச் சென்று, 1945இல் தடுப்பு முகாமிலேயே உயிர் நீத்தவர் அவர்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கதை எனக்கும் தெரியும் ஐயா. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அவருக்கு ஞாயிறு ஓட்டம் போனா வேற நாள்ல வேற ஓட்டம் இருந்தது. எங்க எல்லாருக்கும் வேலை இருக்கு. சனி, ஞாயிறை விட்டா லீவு கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுற ஆட்டம் இது. இத்தனை பெண்கள் களத்தில நின்னே ஆகணும்னு விதி. எங்க டீம்ல பெண்கள் நாலே பேர். நான் வரலைன்னா மத்தவங்க எப்படி ஆடுவாங்க?"

என்னிடம் உடனடிப் பதில் இல்லை. பதில் இல்லாதபோது சிறிது கடுமையாகப் பேசுவது என் பலவீனம். அன்றும் பேசினேன். கண் கலங்க நின்றவள் வெளியே போகும்முன் ஒன்றைச் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை வந்து பாருங்க ஐயா. அப்புறம் திட்டுங்க."

அப்படித்தான் அந்த ஞாயிறு, இரண்டு ஆராதனைகளும் ஒரு ஞானஸ்நானமும் முடிந்தபின், கடற்கரைக்குப் போனேன். திட்டுவதற்கு ஆயத்தமாகவே போனேன் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

இறுதி ஆட்டம் தொடங்கவிருந்தது. கோட்டுக்கு வெளியே, முழங்காலில் கட்டுடன் ஒரு வாலிபர் உட்கார்ந்திருந்தார். அருகிலுள்ள மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவள் அணிதான், ஆனால் அன்று ஆட முடியாத நிலை. "நீங்கதான் சர்ச் ஐயாவா? உக்காருங்க" என்று தம் துண்டை மணலில் விரித்தார். அடுத்த ஒன்றரை மணி நேரம் அவரே எனக்கு ஆசிரியர்.

இந்த ஆட்டம் பிறந்த கதையைப் பின்னர் படித்தறிந்தேன். 1968இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிவைத்த விளையாட்டு இது. அதற்கு முன்னின்ற ஜோயல் சில்வர் பின்னாளில் ஹாலிவுட்டில் பெரிய திரைப்படத் தயாரிப்பாளரானார். பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில், விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் ஆடினார்கள். 1972இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு பல்கலைக்கழகங்கள் மோதின. ரட்கர்ஸ் 29–27 என்று வென்றது. பந்துக்குப் பதிலாக 175 கிராம் எடையுள்ள ஒரு வட்டு, டிஸ்க் என்கிறார்கள். புல்வெளியில் பக்கத்துக்கு 7 பேர், 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலமுள்ள களம். மணலில் பக்கத்துக்கு 5 பேர், களமும் சிறியது. வட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. நின்று எறிய வேண்டும். எதிர்முனையிலுள்ள பகுதிக்குள் தன் அணியைச் சேர்ந்த ஒருவர் அதைப் பிடித்தால் ஒரு புள்ளி. வட்டு தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும்.

"வட்டை வச்சிருக்கிறவர் சீக்கிரம் எறியணும் ஐயா. எதிர்ல காவல் நிக்கிறவர் சத்தமா எண்ணுவார். எண்ணி முடிக்கிறதுக்குள்ள எறியலைன்னா போச்சு."

"எதிரணிக்காரரே எண்ணுவாரா? வேகமாக எண்ணிவிட்டால்?"

"அவர் அப்படிச் செய்ய மாட்டார்னு நம்பித்தான் ஆட்டம்."

"நடுவர் எங்கே?" என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

"நடுவரே கிடையாது ஐயா."

நான் வேடிக்கை என்று நினைத்தேன். வேடிக்கை அல்ல. உலக வாகையர் போட்டியின் இறுதி ஆட்டமானாலும், தவறு நேர்ந்ததா, கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதை ஆடுகிறவர்களே சொல்ல வேண்டும். 1985இல் தொடங்கப்பட்ட உலகப் பறக்கும் வட்டுக் கூட்டமைப்பின் விதி இது. ஒருவர் "ஃபவுல்" என்று அழைத்தால் ஆட்டம் நிற்கும். மற்றவர் ஒப்புக்கொண்டால் ஆட்டம் அதற்கேற்பத் தொடரும். அவர் மறுத்து, இருவரும் பேசியும் ஒத்துவராவிட்டால், வட்டு எறிந்தவரிடமே திரும்பிச் செல்லும். மறுபடியும் ஆட வேண்டும். பெரிய போட்டிகளில் ஆலோசகர்கள் கோட்டருகே நிற்பதுண்டு. தாங்கள் கண்டதைச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது, தீர்ப்பு ஆடுகிறவர்களுடையது. இந்த நம்பிக்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "ஸ்பிரிட் ஆஃப் த கேம்". விளையாட்டின் ஆவி! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"எல்லாரும் நேர்மையாக இருந்துவிடுகிறார்களா, தம்பி?"

அவர் சிரித்தார். "இல்ல ஐயா. தோக்குற நேரத்தில ஒண்ணுமே இல்லாததுக்கு ஃபவுல் அழைக்கிறவங்க இருக்காங்க. உண்மையான ஃபவுலையும் மறுக்கிறவங்க இருக்காங்க. ஐந்து நிமிஷம் நின்னு வாதாடி ஆட்டத்தையே குளிர வச்சிடுவாங்க. அதுக்காகத்தான் ஆட்டம் முடிஞ்சதும் ஒரு அணி இன்னொரு அணிக்கு மார்க் போடுது."

விதிகளை அறிந்து பயன்படுத்துதல், உடல் மோதலைத் தவிர்த்தல், நடுநிலை மனம், நல்லெண்ணமும் தன்னடக்கமும், பேசும் விதம் என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 20. பல போட்டிகளில் வெற்றிபெற்ற அணிக்குப் பரிசு இருப்பதைப் போல, இந்த மதிப்பெண்ணில் முதலாவதாக வரும் அணிக்கும் பரிசு உண்டு.

இந்த ஏற்பாட்டின் பேரில் அந்த விளையாட்டுக்குள்ளேயே நெடுநாளைய விவாதம் இருக்கிறதாம். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய தொழில்முறைப் போட்டித் தொடரில் நடுவர்களை வைத்தார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு வாதாட்டங்களைக் காணப் பொறுமை இராதல்லவா? ஆனால் அங்கும் ஒரு விதியை விட்டுவைத்தார்கள். நடுவர் தவறுதலாகத் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால், அந்த வீரரே எழுந்து "இல்லை" என்று அதை மாற்றலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த விளையாட்டை 2015இல் அங்கீகரித்தது. ஆயினும் இதுவரை ஒலிம்பிக் களத்தில் இடம் கிடைக்கவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிக்கென்று கூடுதலாகச் சேர்க்கப்பட்ட ஐந்து விளையாட்டுகளில் கிரிக்கெட் இருக்கிறது, இது இல்லை.

எனக்கு அருகில் உட்கார்ந்திருந்தவருக்கோ ஒலிம்பிக் தூரத்துக் கவலை. அவருடைய கவலை முழங்காலில் இருந்தது. யாரும் அவர்மேல் மோதவில்லை. வேகமாக ஓடிவந்து சட்டென்று திசை திரும்பியபோது, மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற நார் அறுந்துவிட்டது. ஓட்டமும் திடீர்த் திருப்பமும் தாவலுமே இந்த ஆட்டத்தின் உயிர் என்பதால், ஆடுகிறவர்களை அதிகம் அச்சுறுத்தும் காயங்களில் இது ஒன்று. அறுவை செய்து, பயிற்சி எடுத்து, மீண்டும் களத்துக்கு வர ஒன்பது மாதம் முதல் ஓராண்டு பிடிக்கும். அவர் இருசக்கர வாகனத்தில் உணவுப் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தவர். முழங்கால் போனதும் வருமானமும் போயிற்று. அணித் தோழர்கள் பணம் திரட்டி மருத்துவமனைச் செலவின் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். "அப்பா இன்னும் என்கிட்ட பேசல ஐயா. தட்டு விளையாடப் போய் காலை உடைச்சுக்கிட்டான்னு ஊர்ல சொல்றாங்க."

செலவைக் குறித்தும் சொன்னார். இந்த விளையாட்டில் ஆடுகிறவரே பணம் கட்டி ஆட வேண்டும். அமெரிக்காவின் சிறந்த சங்க அணிகளிலும் பலர் தங்கள் விமானச் செலவைத் தாங்களே ஏற்கிறார்களாம். நம் ஊரில் நாட்டின் அணிக்கே ஒருவர் தேர்வானாலும், பயணச்சீட்டு, விசா, பதிவுக் கட்டணம், தங்குமிடம் என்று எல்லாவற்றுக்கும் நண்பர்களிடமும் இணையத்திலும் கையேந்த வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவர் கடன் வாங்கியாவது புறப்படுவார். குப்பத்துப் பிள்ளை தேர்வுக் கடிதத்தை மடித்து வைத்துக்கொள்வார். ஒரே அணியில் ஒருவருக்கொருவர் வட்டை எறிந்து ஆடுகிறவர்களுக்கு நடுவில், விமானநிலைய வாசலில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

பெண்களின் பாடு இன்னும் கடினம். அதிகாலை ஐந்தரை மணிப் பயிற்சிக்கு மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் தாய், ஆண்களோடு சேர்ந்து ஆடுவதா என்று கேட்கும் உறவினர், இதனால் கல்லூரியில் இடம் கிடைக்குமா, அரசு வேலை கிடைக்குமா என்று கேட்கும் தகப்பன். திருமணப் பேச்சு தொடங்கியதும் களத்தைவிட்டுப் போன பெண்களின் பெயர்களை அவர் விரல்விட்டு எண்ணினார். நம் மகள் சொன்ன "நாலே பேர்" என்ற கணக்கின் பின்னால் இத்தனை வீட்டுக் கதவுகள் இருக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது.

நான் அவளைக் கேட்ட கேள்விகளில் இவற்றில் ஒன்றேனும் இருந்ததா? இல்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. நேரம் தீர்ந்துவிட்டது, புள்ளிகள் 9–9. அடுத்த புள்ளியை எடுப்பவர் வென்றவர். கரையில் நின்றவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சபை மக்கள் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் நானும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் அணியின் கையில் வட்டு. நீண்டதோர் எறிதல். காற்று அதைச் சற்றுக் கீழே அழுத்தியது. அவள் ஓடிவந்து, முழு உடலையும் முன்னே எறிந்து, மணல் சிதற விழுந்து, எழுந்தபோது வட்டு அவள் கையில் இருந்தது. கரை முழுவதும் ஆரவாரம். தோழர்கள் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளுக்குக் காவல் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டு, கை குலுக்க வந்தாள்.

அவள் எழுந்து நின்று தலையை அசைத்தாள். வட்டைத் தரையில் வைத்தாள். ஏதோ சொன்னாள். ஆரவாரம் ஓய்ந்தது.

"என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

அருகில் இருந்தவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிடிக்கிறதுக்கு முன்னாடி மணல்ல பட்டுடுச்சாம்."

"யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கல ஐயா. அவதான் சொல்றா."

வட்டு எதிரணிக்குப் போயிற்று. ஆறேழு எறிதல்களில் அவர்கள் களத்தின் மறுமுனைக்கு வந்து புள்ளியை எடுத்தார்கள். ஆட்டம் முடிந்தது. நம் மகளின் அணி தோற்றது.

பின்பு இரண்டு அணிகளும் தோளோடு தோள் சேர்த்து ஒரே வட்டமாக நின்றார்கள். அணிக்கொருவர் பேசினார்கள். பாராட்டு மட்டுமல்ல, இன்ன இடத்தில் நீங்கள் அதிகம் மோதினீர்கள், இன்ன அழைப்பு எங்களுக்கு நியாயமாகப் படவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நம் கமிட்டிக் கூட்டங்களின் நினைவு வந்தது. வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் எல்லாம் இனிமையாக முடியவில்லை. அவள் அணியைச் சேர்ந்த ஒருவர் அவளோடு பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு ஆண்டுகளாக இந்த ஒரு கோப்பைக்காகப் பயிற்சி எடுத்தவர் அவர் என்று பின்னர் அறிந்தேன். அவருடைய கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஒருவர் உரைக்கும் உண்மைக்கு அவர் மட்டுமே விலை கொடுப்பதில்லை. உடன் நிற்பவர்களும் கொடுக்கிறார்கள். அதனால்தான் அது இன்னும் கடினமாகிறது.

அவளிடம் போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உறுதியாகத் தெரியுமா, அம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

வலது கையை நீட்டிக் காட்டினாள். நகக்கண்களில் மணல் அப்பியிருந்தது. "டிஸ்க் கைக்கு வர்றதுக்கு முன்னாடி மணல் வந்துச்சு ஐயா" என்றாள். அவ்வளவுதான். அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்பானவர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு அதில் உரிமையும் இருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் நம் சபையில் ஒரு திருமணத்துக்கு மூன்றாம் ஓலை கூறப்படாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். இரு வீட்டாரும் அடைந்த மனவருத்தத்தையும், பேராயரிடம் சிறப்பு அனுமதி பெற்றே அந்தத் திருமணம் நடந்ததையும் அறிவீர்கள். ஓலைப் புத்தகத்தை மேசையில் எடுத்து வைப்பது கோவில்பிள்ளையின் வேலை. அன்று புத்தகம் மேசையில் இல்லை. கமிட்டியில் இது பேசப்பட்டபோது, "அவர் வைக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாருடைய கண்களும் கோவில்பிள்ளைமேல் திரும்பின. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. இனிக் கவனமாயிருக்கும்படி அவருக்கு எச்சரிக்கை என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அதன் கீழே நான் கையொப்பமிட்டேன்.

அந்தப் புத்தகம் வெள்ளிக்கிழமையே என் வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு பதிவைச் சரிபார்க்க நானே எடுத்துச் சென்றேன். ஞாயிறு காலையில் அது என் எழுத்துமேசையின்மேல், செய்தித்தாளுக்குக் கீழே இருந்தது. திங்கட்கிழமை அதைக் கண்டேன். கமிட்டி கூடியது வியாழக்கிழமை. ஆகவே அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு முழுவதும் தெரியும். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். உண்மைதான், யாரும் என்னைக் கேட்கவில்லை. வாய் திறவாமலிருந்தேன், அவ்வளவே. நகக்கண்களில் மணல் இருந்தது. நான் கையை மடக்கிக்கொண்டேன்.

யோசுவாவின் நாட்களில் வாழ்ந்த ஆகானைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எரிகோவில் எடுத்த சால்வையையும் வெள்ளியையும் பொன்னையும் தன் கூடாரத்தில் புதைத்து வைத்தவன் அவன். கோத்திரம் கோத்திரமாக, வம்சம் வம்சமாக, வீடு வீடாக, ஆள் ஆளாகப் பிரித்து, கடைசியில் அவன்மேல் குறி விழும்வரை வாயே திறக்கவில்லை. பிடிபட்டபின் ஒப்புக்கொண்டான். அது நடுவரின் ஊதல் கேட்டபின் கையைத் தூக்குவது போன்றது. சகேயுவோ வேறு மாதிரி. எரிகோவின் அந்த வரிவசூல்காரனிடம் ஆண்டவர் கணக்குக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று மட்டுமே சொன்னார். கேட்கப்படாமலே எழுந்து நின்று, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றான். இருவரும் எரிகோவோடு தொடர்புடையவர்கள். இருவர் கையிலும் தங்களுக்குரியதல்லாதது இருந்தது. இத்தனை ஆண்டுகள் பிரசங்கித்தும், வியாழக்கிழமை கமிட்டியில் நான் ஆகானின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை கோவில்பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவசரமாக வெளியே வந்தார், ஏதோ வேலைக்கு அழைக்க வந்திருக்கிறேன் என்று எண்ணி. திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "தெரியும் ஐயா. வெள்ளிக்கிழமை நீங்க எடுத்துட்டுப் போனதை நான்தானே பார்த்தேன்" என்றார்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்."

என் ஊழிய நாட்களில் நான் கேட்ட கடினமான வார்த்தைகளில் இதுவும் ஒன்று. அதில் சிறிதும் கோபம் இல்லை என்பதே அதன் கடினம். நம்பித்தான் ஆட்டம் என்று கடற்கரையில் கேட்டேனே, அந்த நம்பிக்கை பல நாட்களாக என் எதிரே மௌனமாக நின்றிருக்கிறது.

சென்ற வியாழன் கமிட்டி கூடியது. தவறு என்னுடையது என்று அறிவித்தேன். எச்சரிக்கை அவர் பெயரிலிருந்து நீக்கப்பட்டு, என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. திருமண வீட்டார் இருவரையும் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டார் மன்னித்தார்கள். மற்றொரு வீட்டார் இன்னும் வருத்தத்தோடிருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அந்த மகள் சில நொடிகளுக்குள் செய்ததைச் செய்ய எனக்குப் பல நாட்கள் பிடித்தன. அவளுக்குக் கோப்பை போயிற்று. எனக்கு எதுவும் போகவில்லை, கொஞ்சம் கௌரவத்தைத் தவிர.

போட்டி விளையாட்டாக இதை ஆடுகிறவர்களுக்கு எத்தனையோ சவால்கள் இருப்பதைக் கண்டேன். பணமில்லை, களமில்லை, பெண்களை அனுப்ப வீட்டார் இல்லை, முறிந்த முழங்காலைத் தாங்கிப் பிடிக்க யாருமில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சவாலை அந்த விளையாட்டு தானே விரும்பித் தன் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. தனக்கு நஷ்டம் வந்தாலும் சொல்லில் பின்வாங்காதவனே ஆண்டவருடைய கூடாரத்தில் தங்குகிறவன் என்று பதினைந்தாம் சங்கீதம் நமக்குக் கற்பிக்கிறது. அதை நாம் வாசிக்கிறோம். அவர்கள் மணலில் ஆடிப் பழகுகிறார்கள். சில நாட்களில் தவறுகிறார்கள், வாதாடுகிறார்கள், மறுபடியும் வட்டமாய்க் கூடி நின்று ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லப் பார்க்கிறார்கள். பழகாமல் வருகிற நேர்மை எதுவுமில்லை என்பதை அங்கே கற்றேன்.

ஞாயிறு ஆராதனையைக் குறித்து என் மனம் மாறிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். மாறவில்லை. கூடிவந்து தொழுவதற்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன். ஆனால் அவளோடு பேசிய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். இனிப் போட்டி நாட்களில் அதிகாலை ஆறரை மணி ஆராதனைக்கு வந்துவிட்டுக் களத்துக்குப் போவதாக அவளே சொல்லியிருக்கிறாள். வெளியூர்ப் போட்டி வந்தால் என்ன செய்வது என்பதற்கு இருவரிடமும் இன்னும் பதில் இல்லை. அதைப் பேசிக்கொண்டே இருப்போம் என்று மட்டும் ஒத்துக்கொண்டோம்.

உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களுக்குப் புரியாத ஒரு விளையாட்டை ஆடினால், திட்டுவதற்கு முன் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். மகள்களாயிருந்தால் இரண்டு முறை போய்ப் பாருங்கள். முழங்காலில் கட்டோடு மணலில் எனக்குத் துண்டு விரித்துக் கொடுத்த அந்த வாலிபர் நம் சபையார் அல்ல. ஆயினும் அவருடைய சிகிச்சைக்காக வாலிபர் ஐக்கியம் ஒரு சிறு காணிக்கை சேர்க்கிறது. மனமுள்ளவர்கள் கொடுங்கள். மூன்றாவது, இந்த வாரத்தில் ஒரு நாள், அமைதியாக உட்கார்ந்து உங்கள் விரல் நுனிகளைப் பாருங்கள். யாரும் பார்க்காத மணல் ஏதேனும் அங்கே ஒட்டியிருக்கிறதா? வேறொருவர் பெயரில் எழுதப்பட்ட எச்சரிக்கை எதுவும் உண்மையில் உங்களுடையதா? அதைச் சொல்ல நீங்களே எழுந்து நிற்பீர்கள் என்று நம்பி, எங்கேயாவது ஒருவர் மௌனமாகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

ஜெபிப்போம். அன்புள்ள ஆண்டவரே, ஒருவரும் எங்களைக் கேளாத இடத்திலும் உண்மையைச் சொல்ல எங்களுக்குப் பெலன் தாரும். எங்கள் மௌனத்தினால் பிறர் சுமந்த பாரங்களை எங்களுக்கு நினைப்பூட்டும். தோற்று நிற்கிறவர்களின் அருகில் நின்று அவர்களைத் தேற்றும். எங்கள் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொள்ளும் தாழ்மையை எங்களுக்குக் கற்பியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

ஊழியத்தில் உங்கள் போதகர்